கொக்கியில் தொங்கிய பல்பு

அண்ணி ஏன் அழவே மாட்டேன் என்கிறாள் என்று கேட்டுக் கடிதம் போட்டவர்கள் போன வாரம் மட்டும் பதினேழு பேர். ஒருவர் சிவப்பு மையில், "அவள் என்ன கல்லா?" என்று கேட்டு அடிக்கோடும் போட்டிருந்தார். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்! அவளுக்கு அழுகை வரவில்லை. வராததை எழுத எனக்கு வராது.

இந்த வாரம்தான் முதல் தடவை படிக்கிறவர்களுக்காக நாலு வரி. இந்த வீட்டில் இப்போது மூன்று பேர். அண்ணி, அவளுடைய மாமியார், மாமியாரின் இளைய மகன். அவனை வீட்டில் எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவர், அதாவது அண்ணியின் கணவர், எல்.இ.டி விளக்குகளின் டிரைவர் போர்டைப் பழுது பார்த்துக் கொடுத்தவர். விளக்குக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டுமோ அதை அளந்து விடுகிற பலகைதான் டிரைவர் போர்டு. மூன்று மாதத்துக்கு முன்னால், ஒரு காலையில், பட்டறை மேசையில் அப்படிப்பட்ட ஒரு போர்டில் கை வைத்தார். ஷாக் அடித்து அங்கேயே போய்விட்டார்.

பதினோரு மணி சுமாருக்கு நடந்திருக்கும் என்றார் டாக்டர். மேசையில் கிடந்த போனில் ஒரு மிஸ்டு கால் இருந்தது. நேரம் பதினொன்று பத்து. அண்ணியின் நம்பர்.

"இவ போன் பண்ணாம இருந்திருந்தா அவன் கவனம் அங்க இங்க போயிருக்காது." மாமியார் இதைச் சொன்னது ஒரே ஒரு தடவை. அப்புறம் சொல்லவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த போன் அதிர்ந்தாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். தன்னுடைய போனை அணைத்துத் துணி அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டாள். அண்ணியும் தன் போனை ஒலி வராமல் செய்து வைத்தாள். இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

அண்ணிக்கு அந்தப் பதினொன்று பத்து மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மற்றதெல்லாம் மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரிதான். கிள்ளுவது தெரிகிறது. வலி தெரிவதில்லை.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை. காலை எட்டரைக்கு அடுப்பு மேடையில் அண்ணியின் போன் வெளிச்சம் போட்டு அதிர்ந்தது.

"அக்கா, கண் ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். ஆபரேஷன் தியேட்டர் லைட்டைப் பாத்துக்கற ஆளு. இருந்த லைட்டும் நேத்து மினுக்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னொரு லைட்டோட போர்டு உங்ககிட்டதான் கிடக்கு."

"தெரியும்."

"நாளைக்குக் காலையில பதினாலு பேருக்கு ஆபரேஷன். அந்த மாடலை வேற யாரும் தொடவே மாட்டேங்கறாங்க. நாலு மணிக்கு வந்து பாக்கட்டுமா?"

அண்ணி அடுப்பைத் தணித்தாள். "வாங்க" என்றாள்.

மாமியார் சாப்பாட்டு மேசையில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"யாரு?"

"ஆஸ்பத்திரி. அந்த போர்டைக் கேக்கறாங்க, அத்தை."

"எந்த போர்டு?"

 வேறு எந்த போர்டு இருக்கிறது! அவர் கடைசியாகக் கை வைத்த அதே போர்டு. அன்றைக்கு யாரோ ஒரு துணியைப் போட்டு மூடியதோடு சரி. மேசைப் பக்கம் யாரும் போகவில்லை.

"அதுல நீயா கை வைக்கப் போற?"

"வேற யாரு இருக்கா?"

"என்னமோ பண்ணிக்கோ. எங்கிட்ட எதுவும் சொல்லாத." எழுந்து தன் அறைக்குப் போன மாமியார், கதவைச் சாத்துவதற்கு முன் நின்றாள். "ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு தொடு" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஷட்டர் வைத்த ஒரே அறை. சின்னவன் ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலிலேயே நின்றான். இந்த மூன்று மாதமும் அவன் அப்படித்தான். அண்ணன் முடித்து வைத்தவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பான், பாக்கிப் பணம் வாங்குவான், கணக்குப்பிள்ளை மாதிரி வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். மேசை கிட்டே மட்டும் வரமாட்டான். ஊரே, "அண்ணன் மேல உசுரையே வெச்சிருந்தான், பாவம்" என்று பேசிக்கொண்டது. அண்ணியும் அப்படித்தான் நினைத்தாள்.

அவள் சும்மா வேடிக்கை பார்த்தவள் இல்லை. இதே மேசையின் மறுமுனையில் ஒன்பது வருஷம் போர்டுகளுக்கு ஈயம் பற்ற வைத்தவள். டெஸ்டிங் மட்டும் அவர். அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தாள். படுத்திருந்ததால்தான் போனே செய்தாள்.

முதலில் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றினாள். அது அவருடையது. மேசையில் உட்காரும்போது உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். அன்றைக்கும் கழற்றித்தான் வைத்திருந்தார். அதனால்தான் அது இவள் கைக்கு வந்தது. மோதிரத்தையும் கழற்றிக் கடிகாரப் பட்டைக்குள் போட்டாள். ரப்பர் விரிப்பில் கால் வைத்துத் துணியை எடுத்தாள்.

போர்டு அப்படியே இருந்தது. பிளக் பிடுங்கப்பட்டிருந்தது. நடுவில் கட்டைவிரல் தடிமனில் இரண்டு கெபாசிட்டர்கள்.

இந்த இரண்டும்தான் எமன். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று நாம் நினைப்போம். கெபாசிட்டர் அப்படி நினைக்காது. உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு கமுக்கமாக இருக்கும். நன்றாக ஓடுகிற போர்டு என்றால் விளக்கு வழியாகத் தானே வடிந்துவிடும். ஓடாத போர்டு வடியாது. பழுதுக்கு வருவதோ எல்லாம் ஓடாத போர்டு.

அதற்கு அந்தப் பட்டறையில் ஒரு டெஸ்ட் பல்பு உண்டு. சாதாரணக் குண்டு பல்பு, ஹோல்டரிலிருந்து இரண்டு ஒயர். ஒயர் நுனிகளைக் கெபாசிட்டரின் இரண்டு காலிலும் வைத்தால், உள்ளே கரண்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து அணையும். கெபாசிட்டர் காலி. எரியவில்லை என்றால் ஏற்கெனவே காலி. இரண்டில் எதுவானாலும் பயமில்லை, கை வைக்கலாம்.

பல்பு மட்டும் நல்ல பல்பாக இருக்க வேண்டும்.

அதற்காகத்தான் தினமும் காலையில் ஒரு வழக்கம். ஷட்டரைத் திறந்ததும் சின்னவன் முதல் வேலையாக அந்தப் பல்பைச் சுவர் சாக்கெட்டில் கொடுத்துப் பார்த்து, "எரியுது!" என்று கத்துவான். பெரியவர் எங்கே இருந்தாலும் "சரி!" என்று திருப்பிக் கத்துவார். பதினொரு வருஷமாக இதே கூத்து. எதிர்க் கடைத் தையல்காரர், "எரியுதுடா, எனக்கு வயிறு எரியுது" என்று தினமும் கிண்டல் செய்வார்.

டெஸ்ட் பல்பு சுவர்க் கொக்கியில் தொங்கியது. மேலே தூசி.

அண்ணி கை நீட்டி எடுத்தாள். பழக்க தோஷத்தில் வாசலைப் பார்த்து, "பல்பைப் பாத்தியா?" என்றாள்.

சின்னவன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான், அவ்வளவுதான்.

சரி, நாமே பார்ப்போம் என்று ஒயரைச் சாக்கெட்டில் கொடுத்து ஸ்விட்சைப் போட்டாள். எரியவில்லை. வேறு சாக்கெட். அதிலும் இல்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பல்பைக் கழற்றிக் காதோரம் ஆட்டினாள். உள்ளே கம்பி அறுந்து கிலுகிலு என்றது.

ஐயோ என்று கூட அவளுக்கு வரவில்லை. பல்பைப் பார்த்தாள். கொக்கியைப் பார்த்தாள். கொக்கியில் தொங்கியது என்றால், அவர் இதை எடுத்து, கெபாசிட்டரில் வைத்துப் பார்த்து, எரியவில்லை, காலிதான் என்று நம்பி, திரும்ப மாட்டிவிட்டுத்தான் போர்டில் கை வைத்திருக்கிறார். அவர் விழும்போது கூடவே விழுந்து அறுந்திருந்தால் தரையில் கிடந்திருக்கும். சட்டப்படி எல்லாம் செய்துவிட்டுத்தான் செத்திருக்கிறார்.

"அன்னிக்குக் காலையில இது எரிஞ்சுதா?"

"எரியுதுன்னு சொன்னேன், அண்ணி."

"சொன்னியான்னு கேக்கல. எரிஞ்சுதா?"

தெருவில் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்து போனது. அது போய் முடிகிற வரைக்கும் அவன் ஷட்டர் பூட்டைத் தடவிக்கொண்டே நின்றான்.

"பாக்கல" என்றான்.

"என்ன பாக்கல?"

"ஷட்டரைத் தூக்கினேன். கையில டீ இருந்துச்சு. அண்ணன் உள்ள வந்துட்டாரு. எப்பவும் கத்தற மாதிரி கத்திட்டேன். வாயி தானா சொல்லிடுச்சு, அண்ணி. முந்தின நாள் சாயங்காலம் பெருக்கும்போது தட்டி விட்டுட்டேன். கீழ விழுந்துச்சு. கண்ணாடி உடையல. அதான் அப்படியே மாட்டிட்டேன்."

"எப்ப உனக்குத் தெரிஞ்சுது?"

"அன்னிக்கே. அண்ணனை அந்த நிலையில பாத்த உடனே கொக்கியைத்தான் பாத்தேன்."

அண்ணி பல்பை மேசையில் வைத்தாள். அது உருண்டது. விரலால் நிறுத்தினாள்.

"அத்தை போனைச் சொன்னப்ப நீ பக்கத்துலதானே நின்ன?"

"ஆமா."

"எதிர்ல நான் நின்னேன்."

"ஆமா, அண்ணி." அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "அம்மா போனைச் சொன்னதும் எனக்குள்ள ஒரு மாதிரி... அப்பாடான்னு இருந்துச்சு. என்னைக் கொன்னு போடுங்க."

வாசகர்களே, இந்த இடத்தில் அவள் கையில் கிடைத்ததைத் தூக்கி அடித்திருந்தால் நான் சந்தோஷமாக எழுதியிருப்பேன். எனக்கே அவனை இரண்டு வைக்க வேண்டும் போலிருந்தது. மூன்று மாதம்! ஒரு பொம்பளை தன் புருஷனைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறாள், இவன் எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றச் சொல்லியிருக்கிறான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தாள். தலையிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரியாவது இருக்க வேண்டும். அதுவும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே கால். நாலு மணிக்கு ஆள் வருவான் என்பதுதான் தெளிவாகத் தோன்றியது.

டிராயரிலிருந்து புதுப் பல்பு எடுத்து ஹோல்டரில் மாட்டினாள். அவனிடம் நீட்டினாள்.

"வந்து சாக்கெட்டில கொடு."

"என்னால முடியாது, அண்ணி."

"நான் தனியா மேசையில உக்காரப் போறேன். நீ கொடுத்துப் பாத்துச் சொல்லு."

அவன் எழுந்து வந்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக ரப்பர் விரிப்பில் கால் வைத்தான். ஒயரைச் சாக்கெட்டில் கொடுத்து ஸ்விட்சைப் போட்டான். மஞ்சள் வெளிச்சம் அவன் மோவாயில் விழுந்தது.

"எரியுது" என்றான். சத்தமே வரவில்லை.

"பல்பைப் பாத்துச் சொல்லு. என்னைப் பாத்து இல்ல."

அவன் பல்பைப் பார்த்தான். "எரியுது, அண்ணி."

"சரி" என்றாள்.

எதிர்க் கடையில் தையல் மெஷின் நின்றது. தையல்காரர் எட்டிப் பார்த்தார். இன்றைக்குக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவன் ஸ்விட்சை அணைத்துப் பல்பைக் கொடுத்ததும் அண்ணி இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டாள். இரண்டு கையும் போர்டில் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். பல்பின் ஒரு ஒயரைக் கெபாசிட்டரின் ஒரு காலில் மாட்டி, மறு ஒயரை ஒற்றைக் கையால் வைத்தாள். மூன்று மாதத்தில் தானே வடிந்திருந்தது, பல்பு எரியவில்லை. அதை நம்பவில்லை. கரண்ட் அளக்கிற மீட்டரை எடுத்து அதே கால்களில் வைத்தாள். பூஜ்யம்.

"இனிமே ரெண்டும் பாக்கணும். பல்பு, அப்புறம் மீட்டர்" என்றாள்.

"சரி, அண்ணி."

பழுது பெரிசாக ஒன்றும் இல்லை. போர்டை முதலில் எழுப்பிவிடுகிற ஒரு சின்ன ரெசிஸ்டர் கருகிப் போயிருந்தது. ஒரு மனிதரைக் கொண்டுபோன வேலை, அரிசி அளவு சாமான்! மாற்றினாள். கெபாசிட்டர் தானே வடிவதற்கு இரண்டு காலுக்கும் குறுக்கே இன்னொரு ரெசிஸ்டர் சேர்த்தாள். போர்டைச் செய்த கம்பெனியே அதை வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

பிறகு போர்டோடு வந்திருந்த எல்.இ.டி விளக்குப் பலகையைச் சூடு இழுக்கிற அலுமினியத் தட்டில் இறுக்கி, ப்ளஸ், மைனஸ் பார்த்து போர்டோடு சேர்த்தாள். விளக்கை மாட்டிவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். கரண்ட் கொடுத்துவிட்டு விளக்கை மாட்டினால் ஒரு நொடியில் அத்தனை எல்.இ.டியும் காலி. கரண்ட் அளவு வைக்கிற திருகை ஸ்க்ரூ டிரைவரால் கடைசிவரை குறைத்தாள். ஒயர் வரிசையில் மீட்டர். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி.

"தள்ளி நில்லு. விளக்கை நேரா பாக்காத. ஏதாவது ஆனா என்னைத் தொடாத, முதல்ல மெயினை அணை."

அவன் மெயின் ஸ்விட்சில் கை வைத்து நின்றான். 

ஸ்விட்சைப் போட்டாள். விளக்கு மங்கலாக விழித்தது. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். இருநூறு, நானூறு, அறுநூறு. எழுநூறு மில்லி ஆம்பியரில் நிறுத்தினாள். அதற்கு மேல் அந்த விளக்குக்கு ஆகாது. அறையில் தூசியும் பழைய காலண்டரும் அவன் கன்னத்தில் காய்ந்திருந்த கண்ணீரும் அப்பட்டமாகத் தெரிந்தன.

ஒரு மணி நேரம் ஓட விட்டுச் சூடு பார்த்தாள். அணைத்தாள். பல்பு வைத்தாள், மீட்டர் வைத்தாள். பெட்டியில் போட்டாள்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரி ஆள் வந்து போட்டுப் பார்த்தார். "அப்படியே அண்ணன் கை வேலை மாதிரியே இருக்கு, அக்கா!" என்று வாய் நிறையச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் போன பிறகு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மோதிரத்தைப் போட்டாள்.

"ஆறு மணிக்குள்ள அத்தைகிட்ட சொல்லிடு."

சின்னவனுக்கு முகம் வெளுத்தது. "நீங்களே சொல்லிடுங்களேன், அண்ணி."

"நான் சொன்னா பழி போடறேன்னு ஆகும். மூணு மாசமா என் மேல கிடந்தது. நீதான் எடுக்கணும்."

"அம்மா மூஞ்சியைப் பாத்துச் சொல்ல என்னால முடியாது."

"அப்ப போன்ல சொல்லு" என்றாள். "என் போனுக்குப் பண்ணு."

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து, பக்கத்துப் பொத்தானைத் தட்டி ஒலி வைத்தாள். சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தாள். மாமியார் மாலை டீயோடு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இதை எதுக்கு இங்க வைக்கற?"

"கிடக்கட்டும், அத்தை."

ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. போன் அடித்தது. மூன்று மாதம் கழித்து அந்த வீட்டில் போன் மணி கேட்டது. மாமியார் வழக்கம்போல முகத்தைச் சுவருக்குத் திருப்பினாள்.

"எடுங்க அத்தை. உங்களுக்குத்தான்."

"எனக்கா? யாரு?"

"சின்னவன்."

மாமியார் சுவரை விட்டு முகத்தைத் திருப்பினாள். போனை ஏதோ சுடுகிற பாத்திரம் மாதிரி முந்தானையால் பிடித்து எடுத்தாள். "என்னடா, ரெண்டு தெரு நடந்து வர உனக்கென்ன கேடு?" என்று ஆரம்பித்தாள். அதற்கப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தாள். டீயில் ஆடை படிந்தது.

அண்ணி குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றாள். விரலில் ஈயக் கறை இருந்தது, போகவில்லை.

"ஏம்மா." மாமியாரின் குரல் பின்னாலிருந்து வந்தது. போன் இன்னும் காதில்தான் இருந்தது. "அன்னிக்கு நீ பெரியவனை எதுக்குக் கூப்பிட்ட?"

மூன்று மாதத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை. போலீஸ்கூடக் கேட்கவில்லை.

"சோப்பு தீந்துபோச்சு, அத்தை. வரும்போது வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு."

"சோப்பா?"

"சோப்புதான்."

மாமியார் போனை அவள் பக்கம் நீட்டினாள். "வீட்டுக்கு வரலாமான்னு கேக்கறான். எனக்குச் சொல்லத் தெரியல. நீ சொல்லு."

அண்ணி ஈரக் கையோடு வாங்கினாள். மறுமுனையில் அவன் மூச்சுதான் கேட்டது. பேச ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"வரும்போது சோப்பு வாங்கிட்டு வா."

"என்ன சோப்பு, அண்ணி?" அழுதுகொண்டே கேட்டான்.

"ஏதாவது ஒண்ணு."

அவள் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கை மட்டும் லேசாக நடுங்கியது. நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்முடைய கைதானா என்று இருந்தது.

மாமியார் எழுந்து அலமாரியிலிருந்து மூன்று தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சின்னவன் உட்காரும் இடத்தில் இருந்ததை எடுத்துத் திரும்ப அலமாரிக்குள் வைத்தாள். கதவைச் சாத்தினாள். பிறகு அலமாரியைத் திறந்தாள், தட்டை எடுக்கக் கை உள்ளே போனது, வெறுங்கையாகவே வெளியே வந்தது.

வாசல் மணி அடித்தபோது மேசையில் இரண்டு தட்டுதான் இருந்தது.